தேத்தண்ணி தருகிற வீடுகள்

எங்கள் தொகுதியில் தேத்தண்ணி தருகிற வீடு நமக்கு வாக்குப் போடாது. தேர்தல் காலத்தில் கதவு தட்டப் போன முதல் நாளே இதை எனக்குச் சொன்னவர், நான் அண்ணை என்று கூப்பிட்ட ஒருவர். எங்கள் பகுதியான மில்லிக்கனில் ஒரு தமிழ் வீட்டுக்காரர் எங்களை உள்ளே கூப்பிட்டு, சோபாவில் இருத்தி, தேத்தண்ணியும் மீன் ரோல்ஸும் தந்து, “ஓம் ஓம், உங்கடை ஆளுக்குத்தான்” என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார். நான் சந்தோஷத்தில் கையிலிருந்த தாளில் அந்த வீட்டுக்கு நேரே சரி போட்டேன். அண்ணை என்னிடமிருந்து பேனையை வாங்கி அதை வெட்டினார்.

“போடமாட்டினம், தங்கச்சி. போடுற சனம் வாசல்லையே ஓம் எண்டு சொல்லிப்போட்டுக் குளிருக்குக் கதவைச் சாத்திப்போடும். போடாத சனத்துக்குத்தான் மனம் குத்தும். உந்தத் தேத்தண்ணி அதுக்குத்தான்.”

நான் நம்பவில்லை. பிறகு தேர்தலுக்குத் தேர்தல் பார்த்து நம்பினேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர், “உங்கள் கட்சிக்கு நான் போடமாட்டேன்” என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார். எதிர்வீட்டுச் சீனப் பெண்மணி கதவையே திறக்கமாட்டார். நம்முடைய சனத்துக்கு மட்டும் வந்தவரின் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. கல்யாண வீட்டுக்கு வாங்கோ என்றாலும் ஓம், கோயிலுக்குக் காசு தாங்கோ என்றாலும் ஓம், வாக்குப் போடுங்கோ என்றாலும் ஓம்தான். இதை ஒரு குறையென்று அப்போது நான் நினைக்கவில்லை. நல்ல பழக்கம் என்றுகூட நினைத்தேன்.

நான் மட்டக்களப்பிலிருந்து வந்தவள். ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கே ஒரு பிளாசாவில் உள்ள பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். கார் ஓட்டப் பழக்குகிற தொழில். எங்கள் பகுதித் தமிழர்களில் பாதிப் பேர் அவரிடம்தான் ஓடப் பழகினார்கள். நானும் அப்படித்தான் அவருக்கு அறிமுகமானேன். அவருடைய காரில் அவர் இருக்கிற பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. நான் கொஞ்சம் வேகம் எடுத்தால் ஒன்றும் பேசாமல் தன் பக்கத்து பிரேக்கை மிதிப்பார். கார் சடாரென்று நிற்கும். “நான் இருக்கிறன், பயப்பிடாமல் ஓடும்” என்பார். பகிடியும் விடுவார். “மட்டக்களப்பு ஆக்கள், தங்கச்சி, கவனமாத்தான் இருக்கோணும். மந்திரம் போட்டுப் பாயோடை ஒட்டவைச்சுப் போடுவியள்.” அந்தப் பகிடியை அவர் வாயால் நான் எத்தனை தரம் கேட்டேனோ தெரியாது. ஒவ்வொரு தரமும் சிரித்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் தொகுதிக்கு வரலாறு எழுத யாரும் முன்வரமாட்டார்கள். அங்கே போர் நடக்கவில்லை, பெரிய மனிதர்கள் பிறக்கவில்லை. வீடுகள், பிளாசாக்கள், கார்கள் நிற்கிற இடங்கள், அவ்வளவுதான். ஆனால் நாடாளுமன்றத்துக்கு அந்த இடத்திலிருந்து போனவர்களில் கடைசி ஆளைத் தவிர மற்ற எல்லோருக்காகவும் நான் கதவு தட்டியிருக்கிறேன். அவர்களை எனக்குத் தெரிந்த அளவுக்கு அவர்களுடைய கட்சிக்கே தெரியாது.

நான் வந்தபோது இருந்தவர் ஒரு நெடிய வெள்ளைக்காரர். அந்த இடம் சோளக்காடாக இருந்த காலத்திலேயே பிரதிநிதியாக வந்துவிட்டவர். காடு போய் வீடு வந்தது, வெள்ளைக்காரர் போய்ச் சீனரும் தமிழரும் வந்தார்கள், அவர் மட்டும் அப்படியே இருந்தார். பழைய பண்டகசாலை ஒன்றில் கோயில் தொடங்கியபோது முதன்முதலாகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். காலுறையின் பெருவிரலில் ஓட்டை. நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார். அடுத்த வருடம் புதுக் காலுறையோடு என்னைத் தேடி வந்து காலைக் காட்டினார். நாங்கள் எந்த நாட்டிலிருந்து வந்தோம் என்பது கடைசிவரை அவர் மண்டையில் ஏறவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும், “இந்தியாவில் எந்தப் பக்கம்?” என்று கேட்பார். ஆனால் செத்த வீடு ஒன்றையும் தவறவிடமாட்டார். யாருக்கும் எந்த வாக்குறுதியும் கொடுக்கமாட்டார். “முடியுமென்றால் செய்வேன், முடியாவிட்டால் முடியாது” என்பதுதான் அவருடைய பேச்சு. அப்போது அது எங்களுக்கு வரட்டுத்தனமாகப் பட்டது.

அவருக்குப் பிறகு வந்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. கண்ணாடியைத் தலையில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிற வகை. எங்கள் நாட்டில் சண்டை முடிந்த காலத்தில், நாங்கள் நகரத்து வீதிகளில் அழுதுகொண்டு நின்றபோது, அவர் படம் எடுக்க ஒருவரையும் கூட்டிவராமல் தனியாக வந்து எங்களோடு நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்சி அவரைக் கண்டித்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். அடுத்த தேர்தலுக்கு முன்னால் தொகுதியின் எல்லையை மாற்றினார்கள். அவருக்குப் பழக்கமான தெருக்கள் பக்கத்துத் தொகுதிக்குப் போயின. எங்கள் தெருவில் இந்தப் பக்கம் ஒரு தொகுதி, எதிர்ப்பக்கம் இன்னொன்று. எதிர்வீட்டுச் சீனப் பெண்மணி அன்றிலிருந்து வேறொரு பிரதிநிதிக்குக் கதவு திறக்காமல் இருக்கத் தொடங்கினார்.

அந்த ஆசிரியைக்காக அண்ணையும் நானும் ஏறி இறங்காத வாசல் இல்லை. அந்தத் தேர்தலில் நாங்கள் குடித்த தேத்தண்ணிக்குக் கணக்கில்லை. வீடு திரும்புமுன் அண்ணை காரில் இருந்து தாளில் வரிசையாக வெட்டினார். எனக்கும் விளங்கிவிட்டது. ஆசிரியை தோற்றார். எங்களோடு குளிரில் வந்து நின்ற மனுசிக்கு எங்கள் சனமே போடவில்லை என்பதை நினைத்து நான் ஒரு கிழமையாக யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாவதாக வந்தவர் வீடு விற்கிற ஏஜென்ட், ஆசிரியையை எதிர்க்கட்சியில் நின்று வென்றுவிட்டுப் பிறகு எங்கள் கட்சிக்கு மாறி வந்தவர். பிரதிநிதியாவதற்கு முன்பே அவருடைய முகம் பஸ் தரிப்பிடத்தில் உட்காருகிற வாங்குகளில் எல்லாம் விளம்பரமாக இருந்தது. பெயரைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை, முகத்தின் மேலே எல்லோரும் ஏற்கெனவே உட்கார்ந்து பழகியிருந்தார்கள். வணக்கம் சொல்லப் பழகினார், பொங்கலுக்கு வேட்டி கட்டினார், இடுப்பில் பெல்ட் போட்டு அதை இறுக்கினார். வாக்குறுதி என்றால் வாரி இறைப்பார். கோடைகாலத்தில் கட்சிக்காரர்கள் பூங்காவில் கூடிச் சாப்பிடுகிற நாள் ஒன்று உண்டு. சோளம் சுட்டுக்கொண்டு நின்ற இடத்தில் என் தோளில் தட்டி, “எனக்குப் பிறகு இந்தத் தொகுதி உனக்குத்தான்” என்றார். நாலைந்து பேர் கேட்கத்தான் சொன்னார். அவர்கள் கைதட்டினார்கள். அண்ணைதான் சத்தமாகத் தட்டினார்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. அதை ஏன் மறைக்க? பாமசிக்கு வருகிற சனம் மருந்துக்காக மட்டும் வருவதில்லை. அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை, மகனுக்கு வேலை போய்விட்டது, வீட்டுக்காரன் வீட்டைவிட்டு எழும்பச் சொல்கிறான் என்று எல்லாவற்றையும் என்னிடம்தான் சொல்வார்கள். எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று நான் சொல்லி அனுப்புவேன். அந்தக் கதவுக்குப் பின்னால் நானே இருந்தால் என்ன என்று யோசித்தேன். அதோடு, உண்மையைச் சொன்னால், என் முகம் போட்ட பலகைகள் வீட்டு முன்றில்களில் நட்டிருப்பதைப் பார்க்கவும் ஆசைதான். மற்றவர்களுடைய பலகைகளைச் சுத்தியலால் அடித்து நட்டு என் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது.

வீட்டு ஏஜென்ட் இனித் தேர்தல் கேட்கமாட்டேன் என்று அறிவித்த கிழமை அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவரும் மட்டக்களப்புத்தான். விட்பியில் ஒரு பண்டகசாலையில் வேலை, விடியற்காலையில் காரில் போய்ப் பின்னேரம் வருகிறவர். மூன்று பேரும் சமையலறை மேசையில் இருந்தோம்.

“இந்த முறை தங்கச்சிதான். வேறை கதை இல்லை. சனத்தைக் கொண்டு வாறது என்ரை பொறுப்பு,” என்றார் அண்ணை.

அவர் போன பிறகு என் கணவர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டார்: “நம்மட ஆக்கள் இஞ்ச எத்தின பேர் இருக்காங்க? யாழ்ப்பாணத்து ஆக்கள் அவங்கட ஊர்க்காரனுக்குத்தான் போடுவாங்க. உனக்கு எதுக்குகா இந்த வேலை?”

“அண்ணை இருக்கார்தானே,” என்றேன். அவர் தோளைக் குலுக்கினார்.

பொதுத் தேர்தலுக்கு முன்னால் கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தல் நடக்கும். யார் வேட்பாளர் என்பதைத் தொகுதியிலுள்ள கட்சி உறுப்பினர்கள்தான் வாக்களித்துத் தெரிவு செய்வார்கள். ஆகவே உறுப்பினர்களைச் சேர்ப்பவருக்குத்தான் வெற்றி. எங்கள் பகுதியில் உறுப்பினர்களைச் சேர்க்க வேண்டுமென்றால் முதியோர் இருக்கிற அந்த உயரமான கட்டடத்துக்குத்தான் போக வேண்டும். முழுக்க நம்முடைய ஆட்கள். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு பொழுது போகாமல் கீழே கூடியிருப்பார்கள். பஸ் பிடித்து, மத்தியானச் சாப்பாடு கொடுத்து, கூட்டிப் போனால் வருவார்கள். எல்லாக் கட்சிக்காரரும் செய்வது இதுதான்.

பெரும்பாலானவர்களுக்கு நான்தான் மருந்து கொடுக்கிறவள். பிரஷருக்கு, சீனி வருத்தத்துக்கு, முழங்கால் நோவுக்கு என்று ஒவ்வொருவருக்கும் என்ன வருத்தம் என்று எனக்குத் தெரியும். அண்ணையும் நானுமாகப் போய் ஒவ்வொரு மாடியாக உறுப்பினர் சேர்த்தோம். அவர்கள் எங்களை வாசலிலேயே நிற்கவைத்து, “உமக்குத்தானே பிள்ளை, எங்கை கையெழுத்து வைக்கோணும்?” என்று கேட்டார்கள். யாரும் உள்ளே கூப்பிடவில்லை. யாரும் தேத்தண்ணி தரவில்லை. திரும்பி வரும்போது மின்தூக்கியில் நான் அண்ணையிடம் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்போது உண்மையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பிறகுதான் யூனியன்வில்லில் இருந்து ஒரு தம்பி போட்டிக்கு வந்தார். இங்கே பிறந்த பிள்ளை, சட்டத்தரணி. வீடு எங்கள் தொகுதியிலேயே இல்லை. ஆனால் அவருடைய தகப்பனுக்கும் அண்ணைக்கும் ஒரே ஊர். ஒரே ஊர் என்றால் இங்கே அது சின்ன விஷயம் இல்லை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சங்கம், வருடத்துக்கு ஒரு இராப்போசன விருந்து, கோடையில் ஒரு ஒன்றுகூடல். அந்த ஊர்ச் சங்கத்தில் அண்ணை முக்கியமான ஆள். நான் நேரே கேட்டேன்.

“அண்ணை, உங்கட ஊர்ப் பொடியன் வாறாராமே?”

“ஊர் வேறை, இது வேறை. நீர் உம்மடை அலுவலைப் பாரும்,” என்றார்.

நான் என் அலுவலைப் பார்த்தேன். சனத்துக்கு வாக்குப் போடக் கற்றுக்கொடுப்பதுதான் என் அலுவல். இந்தக் கட்சித் தேர்தலில் ஒரு பெயருக்கு நேரே புள்ளடி போடுவதில்லை. போட்டியிடுகிறவர்களில் மிகவும் விரும்புகிறவருக்கு 1, அதற்கடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3 என்று இலக்கம் போட வேண்டும். முதலாவது விருப்பங்களை எண்ணும்போது யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருக்குப் போட்டவர்களுடைய இரண்டாவது விருப்பத்தைப் பார்ப்பார்கள். மூன்று பேர் போட்டியிட்டோம். நான், அந்தத் தம்பி, உணவகம் நடத்துகிற ஒரு சீனர். முதியோர் கட்டடத்தின் கூட்ட அறையில் பெரிய மட்டையில் மாதிரி வாக்குச்சீட்டு ஒன்று கீறி நான் வகுப்பு எடுத்தேன்.

ஒரு அன்ரி கை உயர்த்தினார். என் பாமசிக்குத் தவறாமல் வருகிறவர். மாத்திரை வாங்கும்போதெல்லாம் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவார். “பிள்ளை, மற்றவையளும் வந்து கேக்கினம். அவைக்கு என்ன சொல்லுறது?” என்று கேட்டார்.

“அவையளுக்கு ரெண்டைப் போடுங்கோ அன்ரி. எனக்கு ஒண்டு, அவைக்கு ரெண்டு. ஒருத்தரையும் நோகடிக்கத் தேவையில்லை,” என்றேன். யாழ்ப்பாணத்தார் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டு நெடுங்காலம்.

கூட்டம் முழுக்க முகம் மலர்ந்தது. பின்வரிசையில் நின்ற அண்ணையும் தலையாட்டினார். எவ்வளவு நல்லாய் விளங்கப்படுத்தினேன் என்று எனக்கே பெருமை.

வாக்களிப்பு ஒரு விருந்து மண்டபத்தில் நடந்தது. கல்யாணத்துக்கு விடுகிற மண்டபம். மேடைக்குப் பின்னால் பொன்னிறச் சீலை கூடக் கழற்றாமல் கிடந்தது. காலையில் நான் அண்ணையின் காரில்தான் போனேன். வழியில் அவர் அதிகம் பேசவில்லை. பதற்றம் என்று நினைத்தேன். என்னை இறக்கிவிட்டு, முதியோரைக் கூட்டிவரப் போன மஞ்சள் பஸ்ஸில் ஏறப் போனார்.

நான் மேடையில் பேசினேன். முதலில் ஆங்கிலம், பிறகு தமிழ். காலுறையில் ஓட்டை இருந்த மனிதரைப் பற்றிச் சொன்னேன், சிரித்தார்கள். குளிரில் வந்து நின்ற ஆசிரியையைப் பற்றிச் சொன்னேன், அமைதியானார்கள். வீட்டு ஏஜென்ட் முன்வரிசையில் இருந்து கைதட்டினார். முந்திய நாளே தொலைபேசியில் அழைத்து, தான் நடுநிலையாக இருக்க வேண்டியிருக்கிறது, விளங்கிக்கொள் என்று சொல்லியிருந்தார். எனக்கு அது சுருக்கென்றிருந்தாலும் விட்டுவிட்டேன். என்னுடைய நம்பிக்கை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது.

பஸ் வந்தது. இறங்கிய ஒவ்வொருவரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். கைத்தடிகளும் கம்பளித் தொப்பிகளுமாக வரிசையில் நின்று, ஒவ்வொருவராக மறைப்புக்குப் பின்னால் போய் வந்தார்கள். வெளியே வரும்போது என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அந்த அன்ரி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பேரப்பிள்ளைகளிடம் பழகியிருப்பார்.

எண்ணி முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. முதல் சுற்றிலேயே முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். அந்தத் தம்பிக்குப் பாதிக்கு மேல். இரண்டாவது விருப்பங்களை எண்ண வேண்டிய தேவையே வரவில்லை. நான் மூன்றாவதாக வந்திருந்தேன். சீனருக்குப் பிறகு.

மண்டபத்தில் யாரோ விசில் அடித்தார்கள். தமிழ் வானொலிக்காரர் ஒருவர் ஒலிவாங்கியோடு ஓடினார். எங்கள் தொகுதியின் முதல் தமிழ் வேட்பாளர் என்று அவர் கத்தியது எனக்குக் கேட்டது. நானும் தமிழ்தான் என்று அவருடைய ஒலிவாங்கியைப் பறித்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குள் அவர் தம்பியிடம் போய்விட்டார்.

அப்போதுதான் அந்த அன்ரி சோற்றுப் பொட்டலத்தோடு என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பிள்ளை, நாங்கள் எல்லாரும் உமக்குப் போட்டனாங்கள். ஒராள் விடேல்லை.”

“எனக்கு என்ன போட்டனீங்கள் அன்ரி?”

“ரெண்டு. தம்பிக்கு ஒண்டு, உமக்கு ரெண்டு. அந்தச் சீனருக்கு ஒருத்தரும் ரெண்டு போடேல்லை, அதிலை வடிவாப் பாத்தனாங்கள். பஸ்ஸிலை உம்மடை அண்ணைதான் சொன்னவர், தம்பி எங்கடை ஊர்ப் பொடியன், அவன்ரை தகப்பன்ரை முகத்துக்காக ஒண்டைப் போடுங்கோ, பிள்ளைக்கு மறக்காமல் ரெண்டைப் போடுங்கோ எண்டு.” என் முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்புக் குறைந்தது. “ஏன் பிள்ளை? நீர்தானே படிப்பிச்சனீர், ஒருத்தரையும் நோகடிக்கத் தேவையில்லை எண்டு.”

நான் அந்த அன்ரியோடு கோபிக்கவில்லை. கோபிக்க முடியவில்லை. அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். நான் கார்கள் நிற்கிற இடத்துக்குப் போனேன். அண்ணை தன் காருக்குப் பக்கத்தில் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்காகத்தான் காத்து நின்றிருக்கிறார். என்னை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டுமாம்.

“ஏன் அண்ணை?”

“தங்கச்சி, சங்கத்திலை எல்லாரும் கேட்டவை. நான் மாட்டன் எண்டால் நாளைக்கு ஊர்ச்சனத்துக்கு முன்னாலை தலைகாட்டேலாது. உமக்கு விளங்கும்தானே. உம்மை நான் விட்டுப்போடேல்லை. எல்லாரையும் உமக்கு ரெண்டு போடச் சொன்னனான். ரெண்டும் வோட்டுத்தானே.”

“காலமை காரிலை வரேக்கை சொல்லியிருக்கலாமே.”

“எப்பிடித் தங்கச்சி உம்மடை முகத்துக்கு நேரை சொல்லுறது?”

அவர் சாட்டுச் சொல்லவில்லை. உண்மையாகவே அதைத்தான் நினைத்தார். என்னை நோகடிக்காமல் இருப்பதற்காக என்னை முடித்துவிட்டார். என் பக்கத்தில் இருந்துகொண்டே தன் பக்கத்து பிரேக்கை மிதித்திருக்கிறார், நான் மட்டும் ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்திருக்கிறேன். எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அவருடைய காரில் நான் ஏறவில்லை. தெருவுக்கு நடந்துபோய் பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். வாங்கில் வீட்டு ஏஜென்டின் பழைய முகம் பாதி உரிந்து கிடந்தது. அதன் மேலே நன்றாக அழுத்தி உட்கார்ந்துகொண்டு அழுதேன்.

அன்று பின்னேரம் என் கணவர் வந்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டார். ‘நான் அப்பவே சொன்னன்’ என்று அவர் சொல்லவில்லை. மீன் பொரித்துத் தந்தார். அந்த ஒரு காரியத்துக்காக அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

ஆக, எங்கள் தொகுதியின் நான்காவது பிரதிநிதி வேட்பாளரானது அப்படித்தான். வானொலியிலும் ஊர்ச் சங்க விருந்துகளிலும் வேறு மாதிரிச் சொல்கிறார்கள். அடிமட்டத்திலிருந்து எழுந்த எழுச்சி என்கிறார்கள். அந்த எழுச்சிக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்துக்குச் சொல்லிவிட்டவள் நான். கோழியா மரக்கறியா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சொல்லியிருந்தேன்.

பொதுத் தேர்தல் இலையுதிர்காலத்தில் வந்தது. கட்சியிலிருந்து எனக்கு அழைப்பு மேல் அழைப்பு. நான் எடுக்கவில்லை. அந்தத் தேர்தலில்தான் முதன்முதலாக நான் எந்தக் கதவையும் தட்டவில்லை. எங்கள் முன்றிலில் பலகை இல்லை. பக்கத்து வீட்டுக் கிழவர் வேலியால் எட்டிப் பார்த்து, “உனக்கு உடம்புக்கு என்ன?” என்று கேட்டார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. அந்தத் தம்பி நின்றார். சட்டையில் கட்சியின் சின்னம், கையில் துண்டுப் பிரசுரங்கள். ஒரு படி கீழே அண்ணை நின்றார். கொஞ்சம் மெலிந்திருந்தார். என்னைப் பார்க்காமல் முன்றிலில் கிடந்த இலைகளைப் பார்த்தார்.

“ஹாய் அன்ரி,” என்றார் தம்பி. “ஐ நோ, கொஞ்சம் ஓக்வேர்டா இருக்கும். பட் இந்த ரைடிங்கில, ஐ மீன் தொகுதியில, உங்களைத் தெரியாத ஆக்களே இல்லை. உங்கட சப்போர்ட் எனக்கு வேணும். வீட்டுக்கு முன்னால லோன் சைன் போர்ட் ஒண்டு நடலாமா?”

நல்ல பிள்ளை. அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருக்கவில்லை. எத்தனை நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு என்னிடம் இருந்தது. அதில் ஒரு சொல்லும் அண்ணைக்குச் சொல்ல அப்போது விருப்பம் வரவில்லை.

“உள்ளுக்கு வாங்கோ தம்பி. வாங்கோ அண்ணை,” என்றேன்.

அண்ணை படியிலேயே நின்றார். “இல்லைத் தங்கச்சி, நிறைய வீடு கிடக்கு. வாசல்லையே கதைச்சுப்போட்டுப் போறம்.”

“அதெப்பிடி? இவ்வளவு தூரம் வந்திட்டு.”

தம்பி அதற்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டார். இருவரையும் சோபாவில் இருத்தினேன். கேத்திலை வைத்தேன். குளிர்பெட்டியில் இருந்த மீன் ரோல்ஸை எடுத்துப் புதிதாகப் பொரித்தேன். நல்ல கோப்பைகளை, விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கிற கோப்பைகளை எடுத்தேன். பாலைக் காய்ச்சி, சாயம் பிடிக்க விட்டு, ஆற்றி, தட்டில் வைத்துக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன்.

“ஓ மை கோட், அன்ரி, சோ குட்,” என்றார் தம்பி. இரண்டாவது ரோல்ஸையும் எடுத்தார். “அப்ப வி கேன் கவுண்ட் ஒன் யூ?”

“ஓம் ஓம் தம்பி, உங்களுக்குத்தான்,” என்றேன்.

அவர் முகம் மலர்ந்து தன் தாளில் எங்கள் வீட்டுக்கு நேரே சரி போட்டார். அண்ணை அந்தத் தாளைப் பார்த்தார். பேனையை வாங்கி வெட்டவில்லை. கைகள் இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, முன்னால் ஆவி பறக்கிற கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். தொடவேயில்லை. தேத்தண்ணியின் மேலே பாலாடை படிந்தது.

புறப்படும்போது தம்பி முதலில் இறங்கி அடுத்த வீட்டுக்கு நடந்தார். அண்ணை வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார். கட்டி முடித்த பிறகும் நிமிரவில்லை.

“தங்கச்சி,” என்றார் தரையைப் பார்த்தபடி. “வாயைத் திறந்து ஒரு பேச்சுப் பேசும். மாட்டன் எண்டு சொல்லும். நாயே எண்டு சொல்லும். நான் தாங்குவன். இந்தத் தேத்தண்ணியைத்தான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு.”

எத்தனை தேர்தல்கள், எத்தனை வாசல்கள், அந்த மனிதரோடு. மன்னித்துவிடலாமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு அந்த அன்ரியின் உயர்த்திய கட்டைவிரல் நினைவுக்கு வந்தது.

மிச்சமிருந்த ரோல்ஸை ஒரு கடதாசியில் சுற்றி அவர் கையில் வைத்தேன். “வழியில சாப்பிடுங்கோ அண்ணை,” என்றேன். “நீங்கள் தேத்தண்ணியைத் தொடவே இல்லை. சீனி காணாதோ?”